பாப்கார்ன் சீலிங்கைச் சுரண்டி வழவழப்பாக்குதல்: முழுமையான வழிகாட்டி

சீலிங்கில் பாப்கார்ன் பொரிபோலச் சொரசொரப்பான பூச்சைத் தெளித்ததற்கு அழகைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஜிப்சம் போர்டுகளின் இணைப்புகளை மட்டமாக்கப் பல சுற்று பட்டி பார்க்க வேண்டும். ஒவ்வொரு சுற்றும் காயக் காத்திருக்க வேண்டும். பொரிபொரியாக ஒரு பூச்சைத் தெளித்துவிட்டாலோ இணைப்பின் மேடு, ஸ்க்ரூ தலையின் பள்ளம் எல்லாம் அதன் நிழலுக்குள் மறைந்துவிடும். வட அமெரிக்காவில் 1950களிலிருந்து 1980கள் வரை வீடு வீடாக இந்தப் பூச்சு ஏறியதற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம். ஆகவே பூச்சை எடுக்கும்போது, அன்று முடிக்காமல் விட்ட வேலையும் சேர்ந்து வெளியே வரும். சுரண்டுவது வேலையின் சிறுபகுதிதான். உழைப்பும் நேரமும் அதன்பின் வரும் பட்டி வேலைக்குத்தான் போகும். அதற்கேற்ப நாட்களை ஒதுக்கிக்கொண்டு இறங்குங்கள்.

முதலில் ஆஸ்பெஸ்டாஸ் சோதனை

இதை முடிக்காமல் வேறு எதையும் தொடக்கூடாது. பழைய தெளிப்புப் பூச்சுகளில், மூச்சோடு போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் என்ற கனிம நார் கலந்திருக்கலாம். அமெரிக்காவில் அலங்காரத் தெளிப்புப் பூச்சுகளில் அதற்கு 1978இல் தடை வந்தது. ஆனாலும் கையிருப்பில் இருந்த சரக்கு அதன் பிறகும் சீலிங்குகளில் ஏறியது. பிரிட்டனில் ஆர்டெக்ஸ் என்ற பெயரால் அறியப்படும் அலங்காரப் பூச்சு வகைகளில் 1980களின் நடுப்பகுதி வரை வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அங்கே முழுத்தடை 1999இல்தான் வந்தது. ஆஸ்திரேலியாவில் 2003 இறுதியில், கனடாவில் 2018இல். 1990க்கு முன் கட்டிய வீடு என்றால் சோதிக்காமல் பட்டித் தகட்டைக் கையில் எடுக்காதீர்கள். கண்ணால் பார்த்தோ தொட்டுப் பார்த்தோ கண்டுபிடிக்க முடியாது. உள்ளே இருப்பது தெர்மோகோல் மணியாகத் தெரிந்தாலும் அதைப் பிணைக்கும் மாவில் நார் இருக்கலாம்.

சோதனை மாதிரியைச் சான்றுபெற்ற ஆள் வந்து எடுப்பதே நல்லது. நீங்களே எடுப்பதானால், மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்துங்கள். நுண்தூசியையும் தடுக்கும் பி100 வடிப்பான் பொருத்திய அரைமுக மாஸ்க் அணியுங்கள். சில துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரை மெல்லிய தூறலாகத் தெளித்து அந்த இடத்தை நன்றாக நனையுங்கள். போர்டு வரை ஆழமாக ஒரு தேக்கரண்டி அளவு எடுத்து ஜிப் பையில் போட்டு, அதை இன்னொரு பைக்குள் வைத்து மூடுங்கள். ஒரே அறையாக இருந்தாலும் மூன்று இடங்களில் எடுக்க வேண்டும். பூச்சை மூட்டை மூட்டையாகக் கலந்து தெளித்திருப்பார்கள். ஒரு கலவையில் நார் இல்லை என்றால் அடுத்ததிலும் இல்லை என்று ஆகாது. இணைப்புகளில் பூசிய பழைய காம்பவுண்டிலும் (இணைப்புப் பட்டி) ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கிறது. அதையும் ஒரு மாதிரியாக அனுப்புங்கள். ஆய்வகம் முனைவாக்க ஒளி நுண்ணோக்கியில் பார்த்து, நாரின் வகையையும் சதவீதத்தையும் எழுதித் தரும்.

இருக்கிறது என்று முடிவு வந்தால் இது உங்கள் வேலை இல்லை. பூச்சு உதிராமல் உறுதியாக இருந்தால் அப்படியே விட்டுவைப்பதில் ஆபத்து குறைவு. எடுத்தே ஆக வேண்டும் என்றால் உரிமம் பெற்ற அகற்றுநர்களிடம் விடுங்கள். மேலே புதுப் போர்டு அடித்து மூடுவதற்கும் அவர்கள்தான் வேண்டும். ஒவ்வொரு ஸ்க்ரூவும் அந்தப் பூச்சைத் துளைத்துக்கொண்டுதான் போகும்.

சீலிங்குக்குப் பெயின்ட் அடித்திருந்தால், பழைய வீடுகளில் ஈயத்துக்கும் சோதனை தேவை. இன்னொன்று: சில பழைய வீடுகளில் சீலிங் பூச்சுக்குள்ளேயே மின்சூடேற்றும் கம்பிகள் ஓடும். அறையில் ஹீட்டர் எதுவும் கண்ணில் படாமல் சுவரில் தெர்மோஸ்டாட் மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். அந்தச் சீலிங்கில் துளையிடவோ ஆழமாகச் சுரண்டவோ கூடாது.

சுரண்டுவதா, மேலே பூசுவதா, மூடுவதா

ஒரு மூலையில் 30 செ.மீ. சதுரத்தை நனைத்து 15 நிமிடம் விட்டு, பட்டித் தகட்டால் தள்ளிப் பாருங்கள். எந்த வழியில் போவது என்பதை இந்தச் சின்னச் சோதனையே சொல்லிவிடும்.

ஈரமான பட்டையாகச் சுருண்டு வந்தால் அது பெயின்ட் படாத பூச்சு. சுரண்டுவதே சரி. தண்ணீர் உள்ளே இறங்காமல் துளித்துளியாக நின்றால் மேலே பெயின்ட் இருக்கிறது. அப்போது நுனிகளை மட்டும் உலர்ந்த நிலையில் லேசாகத் தட்டி உடைத்து, பெயின்ட் தோலைத் திறந்துவிட்டு, பிறகு நனைக்கலாம். ஒரு சுற்றுப் பெயின்ட்தான் என்றால் பெரும்பாலும் வந்துவிடும். இரண்டு மூன்று சுற்று எண்ணெய் பெயின்ட் ஏறியிருந்தால் சுரண்டுவதில் பிடிவாதம் காட்டாதீர்கள். போர்டின் காகிதம் கிழிந்து சேதம்தான் மிஞ்சும்.

மூன்றாவது வகை, அலைஅலையாகவோ விசிறி வடிவிலோ கையால் இழுத்த கெட்டியான பூச்சு. அது தண்ணீருக்கு இளகாது. துருத்தி நிற்கும் நுனிகளைத் தட்டி எடுத்து, பிடிப்புப் பிரைமர் அடித்து, மேலேயே பட்டி பூசி மட்டமாக்க வேண்டும்.

சீலிங் தொய்ந்திருந்தாலோ, பல இடங்களில் விரிசல் ஓடினாலோ, பெயின்ட் பல அடுக்கு ஏறியிருந்தாலோ புதுப் போர்டு அடிப்பதே குறைந்த துன்பம். 12.5 மி.மீ. போர்டு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 8 கிலோ எடை வரும். மேலே உள்ள மரச்சட்டங்கள் அதைத் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். ஸ்க்ரூ மரத்துக்குள் 25 மி.மீ.யாவது இறங்க வேண்டும். புதுப் போர்டு 12.5, பழைய போர்டு 12.5, பூச்சு 5, மரத்துக்குள் 25 என்று கூட்டினால் 55 மி.மீ. நீள ஸ்க்ரூ தேவை. ஸ்க்ரூகளுக்கிடையே இடைவெளி 300 மி.மீ. புதுப் பரப்பு எவ்வளவு கீழே வருகிறதோ, விளக்குப் பெட்டிகளையும் அவ்வளவு கீழே இறக்க வேண்டும். இதை மறந்துவிட்டுப் போர்டு அடித்த பிறகு தவிப்பவர்கள் நிறைய.

தேவையானவை

4 × 3 மீட்டர் அறை, அதாவது 12 ச.மீ. சீலிங் என்று வைத்துக்கொள்வோம். பட்டிக்கான கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. தடிமனுக்குச் சரியாக 1 லிட்டர். இரண்டு முழுச் சுற்றும் சேர்ந்து ஏறத்தாழ 1.2 மி.மீ. வரும், எனவே 15 லிட்டர். சிந்துவதையும் திருத்தங்களையும் சேர்த்து 17 முதல் 20 லிட்டர் ரெடிமிக்ஸ் ஜாயின்ட் காம்பவுண்டு வாங்குங்கள். இதுதவிர, தண்ணீர் சேர்த்தால் 45 அல்லது 90 நிமிடத்தில் இறுகும் தூள் காம்பவுண்டு 5 கிலோ, பள்ளங்களுக்கும் டேப்புக்கும். மூடும் பிரைமர் 2 லிட்டர், பட்டிக்கு மேல் அடிக்கும் பிரைமர் 2 லிட்டர், மேட் சீலிங் பெயின்ட் 3 லிட்டர்.

கைக்கருவிகள்: 5 லிட்டர் கைபம்பு ஸ்ப்ரேயர் (பூச்சிமருந்து அடித்ததை மறுபடி பயன்படுத்த வேண்டாம்), 150 மி.மீ. மற்றும் 250 மி.மீ. பட்டித் தகடுகள், 450 முதல் 600 மி.மீ. அகலமுள்ள சமன்செய்யும் பிளேடு, 12 முதல் 18 மி.மீ. முடியுள்ள ரோலர், நீண்ட கைப்பிடியில் மாட்டும் தேய்ப்பான், 120 மற்றும் 150 எண் உப்புத்தாள், போர்டு இணைப்புகளின்மேல் பதிக்கும் காகித டேப், டிரில்லில் மாட்டும் கலக்கி, 1.5 மீட்டர் நீள நேரான அலுமினியச் சட்டம். பக்கவாட்டில் வைக்க ஓர் எல்இடி விளக்கும் கட்டாயம் வேண்டும். இந்தப் பட்டியலில் எதைக் குறைத்தாலும் அந்த விளக்கைக் குறைக்காதீர்கள். அது இல்லாவிட்டால் மேடுபள்ளம் பெயின்ட் அடித்த பிறகுதான் கண்ணில் படும்.

ஏணியில் நின்று சீலிங் வேலை செய்வது கழுத்தையும் முதுகையும் வாட்டும். அகலமான மேடையோ சக்கரத்தைப் பூட்டக்கூடிய சிறு சாரமோ எடுத்துக்கொள்ளுங்கள். உச்சந்தலைக்கும் சீலிங்குக்கும் 10–15 செ.மீ. இடைவெளி இருக்கும்படி உயரம் வையுங்கள்.

அறையைத் தயார்செய்தல்

அறையை முழுக்கக் காலிசெய்வதே சிறந்தது. தரையில் 0.15 மி.மீ. தடிமனான பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து, சுவரில் ஒரு சாண் ஏற்றி டேப் ஒட்டுங்கள். அதன்மேல் இன்னொரு மலிவான ஷீட்டை விரித்தால், சுரண்டி முடித்ததும் கழிவோடு அதைச் சுருட்டி எடுத்துவிடலாம். ஈரப் பிளாஸ்டிக் வழுக்கும். நடக்கும் வழியில் பழைய துணியோ அட்டையோ போடுங்கள். சுவர்களுக்கு மெல்லிய ஷீட் போதும். சீலிங்கிலிருந்து ஒரு விரல் கீழே ஒட்டினால்தான் மூலையில் தகடு போகும்.

மின்சாரத்தை அந்த அறைக்கு மட்டுமாவது பிரேக்கரில் துண்டித்து, டெஸ்டரால் உறுதிசெய்துகொள்ளுங்கள். தலைக்குமேல் தண்ணீர் தெளிக்கப்போகிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். விளக்கையும் விசிறியையும் கழற்றி, வயர் முனைகளை இன்சுலேட் செய்து, பெட்டிகளைப் பிளாஸ்டிக்கால் அடைத்துவிடுங்கள். ஏசி துளைகளையும் அடையுங்கள். வேலைக்கு வெளிச்சம் வேறு அறையிலிருந்தோ பேட்டரி விளக்கிலிருந்தோ வரட்டும்.

நனைத்தலும் சுரண்டலும்

தகட்டின் இரு மூலைகளையும் அரத்தால் தேய்த்து மழுக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கூரான மூலைதான் போர்டில் கீறல் விழக் காரணம். ஒவ்வொரு கீறலும் பிறகு நிரப்ப வேண்டிய ஒரு பள்ளம்.

1.2 மீட்டர் சதுரமாகப் பிரித்துக்கொண்டு தூறலாகத் தெளியுங்கள். 10–15 நிமிடம் ஊறவிட்டு, மறுபடி லேசாக ஒருமுறை. முதல் சதுரத்தைச் சுரண்டும்போது இரண்டாவது ஊறிக்கொண்டிருக்கட்டும். அறை முழுவதையும் ஒரேயடியாக நனைத்தால் கடைசிப் பகுதிக்கு வருவதற்குள் காய்ந்துவிடும். காய்ந்ததென்று திரும்பத் திரும்ப நனைத்தால் போர்டு தண்ணீர் குடித்துத் தொய்யும். ஈரத்தின் அளவைத் தகடே சொல்லும். தூளாக உதிர்ந்தால் போதவில்லை. பூச்சோடு காகிதமும் குழைந்து வந்தால் அதிகம், சற்று உலரவிடுங்கள்.

தகட்டைச் சீலிங்கோடு ஏறத்தாழ 30 பாகை சாய்வில் பிடித்து, அழுத்தாமல் தள்ளுங்கள். போர்டு இணைப்பு ஓடும் திசையிலேயே போங்கள். குறுக்கே தள்ளினால் தகடு டேப்பின் ஓரத்தைக் கிளப்பிவிடும். பிடிவாதமான இடத்தில் பலத்தைக் கூட்டாமல் இன்னும் கொஞ்சம் தண்ணீரையும் ஐந்து நிமிடத்தையும் கொடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு என்95 மாஸ்க், தலைக்குத் தொப்பி இல்லாமல் நிற்காதீர்கள்.

கழிவு எதிர்பார்ப்பதைவிடக் கனமாக இருக்கும். ஷீட்டைச் சிறுசிறு பகுதியாகச் சுருட்டித் தடிமனான பைகளில் போடுங்கள். தகடு கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். ஜிப்சம் குழாய்க்குள் படிந்து கல்லாகும். வாளியில் தெளியவிட்டு, மேல்தண்ணீரை மட்டும் மண்ணில் ஊற்றலாம்.

மூடும் பிரைமர்

பலர் தாண்டிப் போய்விடும் படி இது. சுரண்டிய சீலிங் வெறுமையாகத் தெரிந்தாலும் அதன்மேல் பழைய பூச்சின் பிணைப்பு மாவு மெல்லிய தூள்படலமாக மிஞ்சியிருக்கும். அதன்மேல் நேரடியாகப் பட்டி பூசினால், பட்டியின் ஈரம் அந்தப் படலத்தை இளக்கிவிடும். பட்டி போர்டைப் பிடிக்காது. காய்ந்ததும் ஓடு ஓடாகக் கிளம்பும். சில சமயம் பெயின்ட் ரோலரோடே ஒட்டிக்கொண்டு வரும்.

ஒரு முழுநாள் காயவிடுங்கள். நுனிகளை 120 உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, தூசியை உறிஞ்சி, எண்ணெய் அல்லது ஷெல்லாக் (அரக்கு) அடிப்படையிலான பிரைமரோ, உள்ளே ஊடுருவி இறுகும் அக்ரிலிக் சீலரோ ஒரு சுற்று அடியுங்கள். சாதாரணத் தண்ணீர்ப் பிரைமர் அந்தத் தூளை மறுபடி இளக்கக்கூடும் என்பதால் இங்கே அதைத் தவிர்ப்பது நல்லது. ஷெல்லாக் வாடை கடுமையானது. ஜன்னலைத் திறந்து, அருகில் தீ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கரி, புகை, தண்ணீர்க் கறைகளையும் இதுவே அடக்கும். தண்ணீர்க் கறை என்றால் கசிவை முதலில் நிறுத்துங்கள்.

பழுதுகள்

காகிதம் கிழிந்த இடத்தில் தளர்ந்த ஓரத்தைக் கத்தியால் வெட்டி எடுத்து, உள்ளே தெரியும் பழுப்புக் காகிதத்தை அதே பிரைமரால் மூடிய பிறகே நிரப்புங்கள். மூடாமல் நிரப்பினால் பழுப்புக் காகிதம் ஈரத்தை உறிஞ்சிக் கொப்புளம் போடும்.

விரல் நுனியால் தட்டினால் பொத்தென்று சத்தம் வரும் டேப் பிடிப்பு இழந்தது. அந்த நீளத்தை வெட்டி எடுத்து, இறுகும் காம்பவுண்டில் புதுக் காகித டேப் பதியுங்கள். வெளியே தள்ளி நிற்கும் ஸ்க்ரூவையோ ஆணியையோ உள்ளே அடித்தால் மட்டும் தீராது, மறுபடி தள்ளும். அதிலிருந்து 4–5 செ.மீ. தள்ளி, அதே சட்டத்தில் புது ஸ்க்ரூ ஒன்றை முடுக்கிவிட்டுப் பழையதை உள்ளே தள்ளுங்கள். ஸ்க்ரூ தலை காகிதத்தைக் கிழிக்காமல் சற்றே பதிந்து நிற்க வேண்டும்.

அலுமினியச் சட்டத்தை இணைப்புகளுக்குக் குறுக்கே வைத்துப் பாருங்கள். 2 மி.மீ.க்கு மேல் பள்ளம் தெரிந்தால் இப்போதே இறுகும் காம்பவுண்டால் நிரப்புங்கள். இறுகும் வகை வேதிவினையால் கெட்டிப்படுவதால் சுருங்குவது மிகக் குறைவு. ரெடிமிக்ஸ் தண்ணீர் ஆவியாகிக் காய்வதால் தடிமனாகப் பூசினால் சுருங்கி வெடிக்கும். ஆனால் இறுகும் வகையைத் தேய்ப்பது கடினம். இறுகத் தொடங்கும்போதே மேடுகளைத் தகட்டால் சீவிவிடுங்கள்.

பட்டி பூசுதல்

சீலிங் முழுவதையும் மெல்லிய பட்டியால் மூடும் இந்த நிலையை ஜிப்சம் போர்டுத் தொழிலில் ஐந்தாம் நிலை முடிப்பு என்பார்கள். இணைப்புகளை மட்டும் பார்ப்பது நான்காம் நிலை. சுரண்டிய சீலிங்குக்கு, அதுவும் பெரிய ஜன்னல் உள்ள அறையில், நான்கு போதாது.

17 லிட்டர் ரெடிமிக்ஸுக்கு ஒரு லிட்டர் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, டிரில்லை மெதுவான வேகத்தில் ஓட்டிக் கலக்குங்கள். வேகமாகக் கலக்கினால் காற்று நுழைந்து குமிழாகும். தகட்டில் எடுத்துச் சாய்த்தால் மெதுவாக நகர வேண்டும், ஒழுகக்கூடாது.

ரோலரால் ஒரு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் பரப்பில் தடவி, உடனே அகலப் பிளேடால் இழுங்கள். பிளேடை ஒரே அழுத்தத்தில், நிறுத்தாமல் முழுநீளமும் கொண்டுபோய், முடிவில் மெல்லத் தூக்குங்கள். அடுத்த இழுப்பு முந்தையதன் மேல் 5 செ.மீ. ஏறட்டும். மூன்று நான்கு இழுப்புக்கு மேல் அதே இடத்தைத் தொடாதீர்கள். காயத் தொடங்கிய பட்டியைச் சீவினால் இழுபட்டுச் சொரசொரப்பாகும். கோடு விழுந்தால் விழட்டும். மறுநாள் உலர்ந்த தகட்டால் ஒரே தள்ளலில் போய்விடும்.

முதல் சுற்று முழுக்க வெள்ளையாகிக் காய 24 மணிநேரம் கொடுங்கள். ஈரப்பதமான காலநிலையில் இன்னும் கூடலாம். சாம்பல் திட்டு தெரிந்தால் அங்கே இன்னும் ஈரம் இருக்கிறது. இரண்டாம் சுற்றை முதலாவதற்குக் குறுக்காக இழுங்கள். ஒரு திசையில் விடுபட்ட பள்ளத்தை மறுதிசை பிடிக்கும். மூன்றாவது சுற்று முழுச் சீலிங்குக்கும் தேவைப்படாது. விளக்கு காட்டும் இடங்களுக்கு மட்டும் போதும்.

பழைய பெயின்டின் மேலோ மூடும் பிரைமரின் மேலோ பூசும்போது ஊசிமுனைத் துளைகள் வரும். கீழ்ப்பரப்பு ஈரத்தை உறிஞ்சாததால் காற்று மேல்நோக்கி வெளியேறும் இடங்கள் அவை. மேலும் தடிமனாகப் பூசினால் தீராது. பத்து நிமிடம் விட்டு, அதே பட்டியைத் துளைகளுக்குள் அழுத்தித் திணிப்பதுபோல் இறுக்கமாக ஒருமுறை இழுத்தால் அடங்கும்.

தேய்த்தல்

விளக்கை சீலிங்குக்கு மிக அருகில், ஒரு சுவரோரமாக வைத்து ஒளி கிடையாகப் பாயும்படி செய்யுங்கள். ஒவ்வொரு குறையும் நிழலாகத் தெரியும். பள்ளங்களைப் பென்சிலால் லேசாக வட்டமிடுங்கள். பேனா மையும் மார்க்கரும் எத்தனை சுற்றுப் பெயின்ட் அடித்தாலும் மேலே ஊறி வரும்.

150 எண் உப்புத்தாள் போதும். கை கனமானால் பட்டி தேய்ந்து கீழே உள்ள காகிதம் பஞ்சாகக் கிளம்பும். இந்தத் தூசி மிக நுண்மையானது. சாதாரண வேக்குவம் ஒரு பக்கம் உறிஞ்சி மறுபக்கம் ஊதிவிடும். ஹெப்பா வடிப்பான் உள்ளதைப் பயன்படுத்துங்கள், மாஸ்க்கைக் கழற்றாதீர்கள். முடித்ததும் நன்கு பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் சீலிங்கைத் துடைத்துவிடுங்கள்.

பிரைமரும் பெயின்டும்

பட்டி ஓர் அளவில் உறிஞ்சும். அது தேய்ந்து மூடும் பிரைமர் வெளிப்பட்ட இடம் வேறோர் அளவில் உறிஞ்சும். பிரைமர் இல்லாமல் பெயின்ட் அடித்தால் இந்த வேறுபாடு திட்டுத்திட்டாகத் தெரியும். ஒரு சுற்றுப் பிரைமர் அடித்துக் காய்ந்ததும் மறுபடி பக்கவாட்டு விளக்கில் பாருங்கள். சீலிங் ஒரே நிறத்துக்கு வந்தபின் இதுவரை ஒளிந்திருந்த குறைகள் வெளிப்படும். அவற்றைத் திருத்தி, திருத்திய இடங்களுக்கு மறுபடி பிரைமர் தடவுங்கள். பட்டி வேலைக்கு இதுவே கடைசி வாய்ப்பு.

பெயின்ட் மேட் வகையாகவே இருக்கட்டும். லேசான பளபளப்புகூட ஒளியைத் திருப்பி, நுண்ணிய அலைகளைக் காட்டிக்கொடுக்கும். ஓரங்களைத் தூரிகையால் வரைந்து, அது காயும் முன்பே ரோலரை ஓட்டுங்கள். ஓரம் காய்ந்தபின் தொட்டால் சட்டம் போட்டதுபோல் கோடு தெரியும். முதல் சுற்று ஜன்னலுக்கு இணையாக, இரண்டாவது ஜன்னலை நோக்கி. ரோலர் தடங்கள் வெளிச்சம் வரும் திசையிலேயே ஓடினால் கண்ணுக்குப் படாது. நடுவில் இடைவேளை விடாமல் ஒரே மூச்சில் முடியுங்கள், 12 ச.மீ.க்கு இருவர் இருந்தால் எளிது, ஒருவர் ஓரம், ஒருவர் ரோலர்.

இரண்டாவது சுற்று காய்ந்து ஒரு நாள் ஆன பிறகு விளக்கையும் விசிறியையும் மாட்டுங்கள். சுவரோர டேப்பை எடுக்கும் முன், டேப்பின் மேல்விளிம்பு ஓடும் கோட்டில் கத்தியால் லேசாகக் கீறிவிடுங்கள். இல்லாவிட்டால் பெயின்ட் தோல் டேப்போடு உரிந்து வரும்.